நூறு கிலோமீட்டர் நடக்கிற மாதா எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை?

ஆகஸ்ட் கடைசியில் திருவையாற்றுக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, திருமானூர்ப் பக்கமிருந்து காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருப்பார்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள், அதற்கும் வடக்கேயிருந்து ஒரு வாரமாக நடந்து வருகிறவர்கள். முன்னால் தள்ளுவண்டியில் சீரியல் பல்பு சுற்றிய ஆரோக்கிய மாதா சொரூபம், அதற்கு மேலே ஒலிபெருக்கி. பின்னால் அரிசியும் பாத்திரமும் மூட்டை முடிச்சும் ஏற்றிய டாடா ஏஸ். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து தஞ்சாவூர் போய், அம்மாபேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக வேளாங்கண்ணி. திருவையாற்றிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள்.

இந்தக் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, "உங்க குழுவுல எல்லாத் தெருக்காரங்களும் வர்றாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வரும். "நடக்குறப்ப ஏது தம்பி சாதி? எல்லாரும் மாதா பிள்ளைங்கதான்." ஆண்டுதோறும் இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறோம்.

தூரத்தில் நின்று எழுதவில்லை. போன ஆண்டு நாங்களும் நடந்தோம். 11 பேர். சிலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், சிலர் சான்றிதழில் இந்து, இரண்டு பேருக்கு எந்தச் சாமியும் கிடையாது. காலனிப் பெரியம்மாக்கள் மூவர் நேர்ச்சைக்காக வந்தார்கள். அவர்களுக்குத் துணை என்று சொல்லித்தான் நாங்கள் குழுவில் சேர்ந்தோம்.

நடந்ததை உள்ளபடி சொல்வோம். சாலையில் அந்தப் பதில் பொய்யில்லை. இரண்டாம் நாள் எல்லாருடைய காலிலும் கொப்புளம். குடியானத் தெருக்காரர் ஒருவர், ஊரில் எங்கள் தெரு வழியாகப் போனால் வண்டியை நிறுத்தாதவர், எங்கள் பெரியம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்து ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தைக் குத்தித் தண்ணீர் இறக்கிவிட்டார். எங்கள் பாட்டிலை வாங்கி வாய் வைத்துக் குடித்தார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தலைமாடு கால்மாடாக எல்லாரும் ஒரே தார்ப்பாயில் படுத்தோம். எலுமிச்சம் சாதம் ஒரே அண்டாவிலிருந்து வந்தது. வழியில் இந்துக்கள் மோர் ஊற்றினார்கள், முஸ்லிம் கடைக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பையன் ஓடி வந்து எங்கள் பெரியம்மாவை "அம்மா, உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றான். அறுபது வயது தாண்டிய அந்தப் பெண்ணை எங்கள் ஊரின் பெரிய தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட இன்னமும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

சரி, திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு ஊர்த் திருவிழா. அதே மாதா, அதே ஆட்கள், அதே ஒலிபெருக்கி. சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, பெரிய தெரு சுற்றி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி வரை வந்து திரும்பிவிட்டது. தொட்டியிலிருந்து எங்கள் தெருமுனை இருநூறு அடி. எத்தனையோ ஆண்டுகளாக அங்கேதான் திரும்புகிறது. எங்கள் பெண்கள் மெழுகுவத்தியும் பூவுமாகத் தொட்டிக்கு வந்து நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் என்று கேட்டோம். முதலில் கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். பிறகு பாதை குறுகல் என்றார்கள். கடைசியாக, "மாமூல் இதுதான், புதுசா எதுவும் பண்ண முடியாது" என்றார்கள். வேளாங்கண்ணி வரைக்கும் எத்தனை கம்பிகள் குறுக்கே போயின? ஒவ்வொரு இடத்திலும் நம் பையன் ஒருவன்தான் மூங்கில் கவைக்கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடித்தான், வண்டி கீழே போனது. அந்தக் கவைக்கம்பு ஊருக்கு வந்ததும் எங்கே போயிற்று?

வரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கயிறு அங்கேதான் கட்டியிருக்கிறது. நிறைய ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில் சேரிக் குடும்பங்களின் பெயர் இருக்காது. 'காணிக்கை' என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், 'வரி' என்று கொடுத்தால் வாங்க மாட்டார்கள். வரி வாங்கினால் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் திருவிழாக் கூட்டத்தில் உட்கார இடம், கணக்குக் கேட்க வாய், தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று சொல்ல ஓட்டு. காணிக்கைக்கு இதில் எதுவும் கிடையாது. நம் பணம் உண்டியலில் விழலாம், நோட்டில் ஏறக்கூடாது. தம்பி தங்கைகளே, உங்கள் ஊரிலும் முதலில் அந்த நோட்டைத்தான் கேளுங்கள்.

'ஏதோ ஒரு ஊர்க் கதை' என்று தள்ளுகிறவர்களுக்காகச் சில பெயர்களைச் சொல்கிறோம். எறையூரில் தலித் கத்தோலிக்கர்களின் சவ ஊர்வலம் கோயில் வீதி வழியாகப் போக முடியாத நிலை இருந்தது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, 2008 மார்ச்சில் மோதலும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் தீட்டு ஒட்டிவிடும் என்பதுபோல, நடுவே சுவர். 2010-ல் பெரியார் தொண்டர்கள் போய் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். கடவுள் இல்லை என்பவன் கல்லறைச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது, கடவுள் உண்டு என்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்தில் கோட்டப்பாளையம் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு தேர் ஒரு தெருவுக்குள் வருமா என்ற கேள்வி டெல்லி வரை போயிருக்கிறது.

டெல்லி என்ன டெல்லி, ரோமாபுரிக்கே போயிருக்கிறது, அதுவும் முந்நூறு ஆண்டுக்கு முன்னால். இது நம்மில் பலருக்குத் தெரியாது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்தார். சாதி சமூக வழக்கம்தான், மத விஷயம் இல்லை என்று வாதாடினார். 1623-ல் போப் பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கொடுத்தார். அதன் பிறகு நம் மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற பெயரில் தனிக் குருக்கள் வந்தார்கள். இதெல்லாம் பாடப் புத்தகங்களிலும் உண்டு. அதிகம் பேசப்படாதது 1704-ல் நடந்தது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயில் கிடக்கிற பறையர்களின் வீட்டுக்குக் குருக்கள் நேரில் போய் அவஸ்தை பூசுதல் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். சேசு சபைக் குருக்கள் மறுத்தார்கள். சேரிக்குள் காலை வைத்தால் மேல்சாதிக்காரர்கள் எங்களை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், மறைப்பணியே நின்றுபோகும் என்றார்கள். நாற்பது ஆண்டு வழக்கு நடந்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவுக்கு வந்தார்: பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம்.

சாகக் கிடக்கிறவனின் வீட்டு வாசலைத் தாண்டச் சொன்னதற்கு, வாசலைத் தாண்டாமலிருக்க ஒரு ஏற்பாடு கிடைத்தது. எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சப்பரம் திரும்புகிறதே, அந்தத் திருப்பம் அங்கே தொடங்கியது. 'மாமூல்' என்று அவர்கள் சொல்வதும் சரிதான், நல்ல பழைய மாமூல்.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட வேண்டும் என்று ஆணையிட்டபோது கொதித்தெழுந்தவர்கள் தஞ்சாவூர் வேளாளக் கிறித்தவர்கள். நாம் இன்றும் கொண்டாடுகிற வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சண்டையில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றவர்.

இப்போது ஆயர்கள் நல்ல வார்த்தைகள் பேசுகிறார்கள், மறுக்கவில்லை. 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களை ரோமில் வைத்துக்கொண்டே சாதியைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். எங்கள் தெருமுனை இன்னமும் அதே இருநூறு அடியில்தான் இருக்கிறது. ஆயர் இல்லத்திலிருந்து பங்குக்கு ஒரு சுற்றறிக்கை வந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்துவிடுகிறார்கள். 'தேர் எல்லாத் தெருவுக்கும் போகாவிட்டால் திருவிழாத் திருப்பலி கிடையாது' என்று ஒரே ஒரு வரி எழுதி வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

திருச்சபை ஒரு பக்கம் என்றால் அரசு மறுபக்கம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியேதான். 2004-லிருந்து வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது, கிடப்பில் போட்டார்கள். 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள், காலக்கெடு நீட்டிப்பிலேயே போனது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. இங்கே நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆகவே தலித் கிறித்தவன் தனித் தொகுதியில் நிற்க முடியாது, ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்தாலும் அவனுக்கில்லை. சாதிப் பெயர் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கை இதே காரணம் சொல்லி ரத்து செய்தது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருந்தது, சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எங்கள் குழுவில் சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் அடுத்தடுத்து நடந்தார்கள். ஒருவன் சான்றிதழில் இந்து, இன்னொருவன் கிறித்தவன். ஒரே தெரு, ஒரே வாய்க்கால், ஒரே வசவு. ஒருவனுக்குக் கல்வி உதவித்தொகை ஒரு கணக்கு, இன்னொருவனுக்கு வேறு கணக்கு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வேலை வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவர் பட்டியல் சாதிச் சலுகை கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு காவி உடுத்தி எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக்கூடப் பயப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். நடப்பதால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை. குடியானத் தெரு இந்துப் பையன் அதே படத்தைப் போட்டால் அது பக்தி. நம் பையன் போட்டால் அவன் கையில் சான்றிதழும் சேர்ந்து நடுங்குகிறது.

ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாள் என்று கடைப்பிடிக்கிறோம். கொடியேற்றத்துக்குப் பத்தொன்பது நாள் முன்பு. மாதாவுக்காக 100 கிலோமீட்டர் நடக்கிறவர்களில் எத்தனை பேர், நடக்கும்போது சாதி இல்லை என்றவர்களில் எத்தனை பேர், அன்று கறுப்புத் துணி குத்திக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்களும் நம் தெருக்காரர்களே.

"அப்புறம் எதுக்குத் தோழர் அங்க நடக்குறீங்க? விட்டுத் தொலைங்க" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பகுத்தறிவுக் கூட்டங்களில் நடைபயணத்தை வைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களோடும் நமக்குச் சண்டை உண்டு. பெரியம்மா ஏன் நடக்கிறார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? மகனுக்குச் சிறுநீரகம் கெட்டபோது வைத்த நேர்ச்சை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வராந்தாவில் மூன்று மாதம் படுத்திருந்த பெண் அவர். மருந்தையும் விடவில்லை, மாதாவையும் விடவில்லை. நாற்று நட்டு நட்டு வளைந்த இடுப்போடு நான்கு நாள் நடக்கிறார். அந்த நான்கு நாளில்தான் யாரோ ஒருவன் அவரை 'அம்மா' என்கிறான், யாரோ ஒருவர் அவர் காலைத் தொடுகிறார். அது மூடநம்பிக்கை என்று சொல்லி அவரிடமிருந்து பறிக்க நமக்கு மனசு வரவில்லை. சாலையில் கிடைத்த அந்த மரியாதையை ஊருக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எங்கள் சண்டை. நான்கு நாள் முடிகிறது என்றால் நாற்பது வருடம் ஏன் முடியாது என்று கேட்க நடைபயணமே நமக்குச் சாட்சி. அதனால்தான் 'நடக்கும்போது சாதி இல்லை' என்ற வாக்கியம் எங்களைக் கோபப்படுத்துகிறது. முடியும் என்று தெரிந்தே செய்யாமலிருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் வாயாலேயே வந்த ஒப்புதல் அது.

கீழ்வேளூரில் ஒன்று நடந்தது. அங்கிருந்து தேவூர்ப் பக்கம் தெற்கே போனால் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்கள் மேல் மிராசுதார்கள் ஆள் திரட்டி வந்து, ஒரே குடிசைக்குள் ஒளிந்தவர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கிறிஸ்துமஸ் இரவு அது. வேளாங்கண்ணிக் கோயிலில் மணி அடித்த அதே இரவு. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆண்டுதோறும் இந்த வழியாக நடக்கிற பல்லாயிரம் பேரில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறையாவது சொன்ன குழுவை நாங்கள் பார்த்ததில்லை.

நினைவிடத்துக்குப் போய்வருகிறோம் என்று குழுத் தலைவரிடம் கேட்டோம். முகம் சுருங்கியது. "நேர்ச்சை நடக்குறப்ப வழி மாறக்கூடாது, அரசியலெல்லாம் வேணாம்" என்றார். நாங்கள் ஆட்டோ பிடித்துப் போனோம். பெரியம்மாவும் வந்தார். கல்லில் வெட்டியிருந்த பெயர்களை எங்களில் ஒருத்தி வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "எவ்வளவு நெல்லு கூடக் கேட்டாங்களாம்?" என்றார். படிக் கணக்குதான் என்றோம். அவர் சின்ன வயதில் மரக்கால் பிடித்துக் கூலி வாங்கியவர், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி அங்கேயே நின்று பத்து மணி செபித்தார். பிறகு வேளாங்கண்ணிக்கு நடந்தார்.

இந்த ஆண்டு நாங்கள் இரண்டு காரியம் செய்யப்போகிறோம். கீழ்வேளூரில் நம் குழு மொத்தமாகவே வெண்மணிக்குத் திரும்பும், வர விருப்பமில்லாதவர்கள் சாலையில் காத்திருக்கலாம். இன்னொன்று, நடைபயணம் கோயில் வாசலிலிருந்து புறப்படுவதற்குப் பதிலாகக் காலனி அந்தோணியார் குருசடியிலிருந்து புறப்பட வேண்டும் என்று பங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாதா சொரூபம் முந்தின நாள் இரவே குருசடிக்கு வர வேண்டும். திருவிழா வரி நோட்டில் எல்லாத் தலைக்கட்டும் ஏற வேண்டும். சப்பரம் தொட்டியைத் தாண்ட வேண்டும். மனுவில் காலனி முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இந்து வீடுகளும் போட்டிருக்கின்றன. பெரிய தெருவிலிருந்தும் நான்கு கையெழுத்து வந்தது. அதில் ஒன்று, பெரியம்மாவின் கொப்புளத்தைக் குத்திவிட்டவருடையது. அவர் வீட்டில் அதற்காக நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது என்பதையும் பதிவு செய்கிறோம்.

பங்கிலிருந்து, "பேசலாம்" என்றிருக்கிறார்கள். தேதி சொல்லவில்லை. ஆகஸ்ட் 10 கறுப்பு நாளன்று மாலை அந்தோணியார் குருசடியில் கூடுகிறோம், சுற்றுவட்டாரத் தோழர்கள் வாருங்கள். உங்கள் ஊர் வரி நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறது, சப்பரம் எந்த இடத்தில் திரும்புகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கவைக்கம்பு எங்களிடம் இருக்கிறது.